பிடித்த கை மறைத்த பக்கம்

“ஈ காட்டு பாப்போம். அத்தைக்கு ஈ காட்டு ராசா.”

டிவியில் எட்டரை மணித் தொடரின் பாட்டு ஆரம்பித்தால் போதும், சுன்தொக் குளிருக்கு அடியில் சூடேற்றிய தரையில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார். அவர் சரியாக உட்காருவதற்குள் நுருங்ஜி மடியில் ஏறி, முகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும். இடது கையால் அதன் கன்னத்தை அணைத்துப் பிடிப்பார். வலது கை விரலில் ரப்பர் பிரஷ், அதன் நுனியில் கோழிக்கறி மணக்கும் பேஸ்ட். தொடரில் மாமியார் மருமகளை ஒரு பாட்டம் திட்டி ஓய்வதற்குள் இங்கே பல் துலக்கி முடிந்துவிடும்.

“பாரு ஹேரான், முத்து! நம்ம ரெண்டு பேர் வாயையும் சேத்து வெச்சாக்கூட இப்படி ஒரு வரிசை கிடையாது.”

“இதுல என் வாய் எங்க அண்ணி வந்துது?”

“அதைச் சொல்லு. உன் வாய்தான் நாலு வருஷமா எதுலயும் வர்றதில்லையே.”

நுருங்ஜி என்றால் சட்டியில் அடிப்பிடித்த சோறு. அந்த நிறம், அதே மொறுமொறுப்பான சுருட்டை. குட்டியாக இருந்தபோது அந்தப் பூடில் நாயைக் கோட்டுப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவன் ஹேரானின் கணவன் சங்மான். கொரியாவின் மோக்போ துறைமுகத்து ஐஸ் ஆலையில் அவனுக்கு வேலை. “நாள் பூரா ஐஸைத் தொட்ட கை. சாயங்காலம் தொட சூடா ஒண்ணு வேணும்ல?” என்றான். “அப்ப நான் எதுக்கு?” என்று ஹேரான் கேட்டதற்கு, “நீ கத்துவ, இது கத்தாது” என்றான்.

அவன் போய் நான்கு வருஷம். பித்தப்பைக் கல்லை எடுக்கப் படுத்தவன், மயக்கத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை. மருத்துவர்கள் மேல் குற்றமில்லை, இதயம் அதுபாட்டுக்கு நின்றுவிட்டது. அதற்கு முதல் நாள் ஹேரான் தயங்கி நின்றபோது, “சின்ன ஆபரேஷன்டீ. தூங்கி எழுந்தா சரியாப் போச்சு” என்று சொன்னவர் சுன்தொக், சங்மானின் அக்கா.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கென்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சடங்கு முடிந்தது, பை திரும்பிப் போகவில்லை. வந்த வாரமே நாயின் பிரஷ்ஷைக் கையில் எடுத்துக்கொண்டார். லிஃப்டில் யாரோ, “இவங்க நுருங்ஜி அம்மான்னா, நீங்க நுருங்ஜி அத்தையா?” என்று கேட்டபோது முகத்தைச் சுளித்தார். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போது, “நாய்க்கு நான் அத்தையாம்! ஏன், என் தம்பி இதுக்கு அப்பன்னா நான் வேற யாரு? அத்தைதானே?” என்று தானே கேட்டுத் தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

அந்தச் ‘சின்ன ஆபரேஷன்’ பற்றி மட்டும் அந்த வீட்டில் பேச்சே எழுந்ததில்லை. ‘உங்களாலதான்’ என்று ஹேரான் ஒருநாளும் சொன்னதில்லை. ‘உங்களால இல்ல’ என்றும் சொன்னதில்லை.

*

இலையுதிர் காலத்தில் நுருங்ஜியின் வலது கண்ணுக்குக் கீழே கொஞ்சம் வீங்கியிருந்தது.

“கொசு கடிச்சிருக்கும்” என்றார் சுன்தொக்.

“இந்தக் குளிர்லயா?”

“துறைமுகத்துக் கொசுவுக்குக் குளிராவது வெயிலாவது.”

ஆறின பார்லித் தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண்ணைத் துடைத்துவிட்டார். வீக்கம் வற்றியது. பிறகு மறுபடியும் வந்தது.

“டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டிடலாம் அண்ணி.”

“எதுக்கு? சாப்பிடறானா இல்லையா?”

“சாப்பிடறான்.”

“அப்புறம் என்ன?”

சாப்பிட்டாச்சா என்று கேட்டு, ஆச்சு என்று பதில் வந்துவிட்டால் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்காத ஊர் அது. நுருங்ஜியோ தட்டைக் கழுவ வேண்டாதபடி வழித்து நக்கியது. அதைப் பார்த்து இருவரும் நிம்மதியாக இருந்தார்கள். தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு அது மெல்லாமலே விழுங்குகிறது என்பதை இருவரும் கவனிக்கவில்லை. தட்டுத்தான் காலியாகிவிடுகிறதே.

ஒரு காலையில் அது படுக்கும் மெத்தையில் மஞ்சளாக ஒரு கறை. கண்ணுக்குக் கீழே தோல் உடைந்து சீழ் வழிந்திருந்தது. சுன்தொக் நாயை அதன் தள்ளுவண்டியில் ஏற்றிக் கம்பளியைப் போர்த்தினார்.

கால்நடை மருத்துவர் பியோன் சின்னப் பெண். “நுருங்ஜி அம்மா, நுருங்ஜி அத்தை, உள்ள வாங்க” என்று கூப்பிட்டுவிட்டு வீக்கத்தைச் சுற்றி மெதுவாக அமுக்கிப் பார்த்தாள்.

“கண்ணுல என்னம்மா பூச்சியா?” என்றார் சுன்தொக்.

“கண்ணு நல்லாயிருக்கு அத்தை. பல்லைப் பாக்கணும்.”

“பல்லா!” சுன்தொக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பல்லு பாக்கணும்னா வேற நாயைக் கூப்பிடும்மா. இவன் பல்லைப் பாத்து எங்க வளாகமே கண்ணு போடுது.”

மருத்துவர் முன் உதட்டைத் தூக்கினாள். “அடேயப்பா! யாரு துலக்கறது?”

“வேற யாரு?”

“அழகா வெச்சிருக்கீங்க.” சொல்லிக்கொண்டே அவள் வலது கன்னத்தை ஒரு விரலால் பின்னுக்கு இழுத்தாள். நாற்றம் மூவர் மூக்கிலும் ஏறியது. பின்னாலிருந்த பெரிய பல்லின் மேல் பழுப்பாக ஒரு கல், படகின் அடிப்பலகையில் சிப்பி ஒட்டிக்கொண்ட மாதிரி. அதைச் சுற்றி ஈறு சிவந்து இறங்கியிருந்தது.

“இந்தப் பல்லோட வேர் கண்ணுக்குக் கீழ வரைக்கும் போகும். வேர்ல சீழ் வெச்சா வெளிய கண்ணு வீங்கின மாதிரிதான் தெரியும். நிறைய பேர் கண்ணுக்குத்தான் மருந்து போட்டுக்கிட்டு இருப்பாங்க.”

சுன்தொக்கின் குரல் இறங்கிவிட்டது. “தினமும் துலக்கறேனே. ஒரு நாள் விட்டதில்லயே.”

“எப்படிப் பிடிச்சுப்பீங்க? காட்டுங்க.”

சுன்தொக் காட்டினார். நாயின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். இடது உள்ளங்கையை அதன் வலது கன்னத்தில் ஒட்டவைத்து அணைத்துக்கொண்டார். வலது கையை உயர்த்தினார். அப்படியே நிறுத்திவிட்டார்.

சிப்பி ஒட்டிய அந்தப் பல் அவருடைய உள்ளங்கைக்கு அடியில்தான் இருந்தது.

“எல்லாரும் இப்படித்தான் அத்தை” என்றாள் மருத்துவர். “பிடிக்கிற கை இருக்கற பக்கம் நம்ம கண்ணுக்குப் படாது. இப்ப இந்தப் பல்லை எடுத்துடணும். மத்ததையும் ஈறுக்குள்ள சுத்தம் பண்ணிடலாம். மயக்க மருந்து குடுத்துத் தூங்க வெச்சு…”

“வாடா போகலாம்” என்று சுன்தொக் நாயை வாரி எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மருத்துவர் திகைத்துப்போய் ஹேரானைப் பார்த்தாள்.

“அவங்க தம்பி… என் வீட்டுக்காரர்… மயக்கத்துலதான்…” என்றாள் ஹேரான்.

மருத்துவர் கையுறையைக் கழற்றினாள். பிறகு சொன்னாள்: “இவனுக்கு வயசு பதினொண்ணு. ரத்தம், நெஞ்சு எல்லாம் பாத்துட்டுத்தான் கை வெப்பேன். ஆபத்தே கிடையாதுன்னு நான் சொல்ல மாட்டேன். விட்டா தாடை எலும்பு வரைக்கும் அரிச்சுடும், அதை மட்டும் சொல்றேன். வலி இவனுக்கு இன்னைக்கு வந்ததில்ல, நுருங்ஜி அம்மா. நாய் வலியை வெச்சுக்கிட்டே சாப்பிடும்.”

*

அன்று எட்டரைக்குப் பாட்டு ஒலித்தது. நுருங்ஜி ஓடி வந்து வழக்கமான இடத்தில் நின்றது. சுன்தொக் உட்காரவில்லை. நின்றபடியே, மருத்துவர் கொடுத்தனுப்பிய மாத்திரையை அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்குக்குள் வைத்து ஊட்டிவிட்டார்.

“என்ன அண்ணி செய்யலாம்?”

“உன் நாய். நீ சொல்லு.”

“உங்க நாய் இல்லயா?”

“நான் அத்தை. அத்தைக்கு என்ன உரிமை?” சுன்தொக் கையைக் கழுவினார். கழுவிய கையையே மறுபடி கழுவினார். “சின்ன ஆபரேஷன்னு இன்னொரு தடவை என் வாயால வராது ஹேரான். கொன்னாலும் வராது.”

ஹேரானுக்கு ஒரு பதில் நாக்கு நுனி வரை வந்தது. அடுப்பில் மீன் குழம்பு பொங்கியது. அதைப் பார்க்கப் போனவள் அங்கேயே நின்றுகொண்டாள். நான்கு வருஷமாக இப்படித்தான், அவள் வாயைத் திறக்கும் நேரத்தில் ஏதாவது பொங்கும்.

ஆறாம் மாடியில் துபு அம்மா என்றொருத்தி. அவளுடைய வெள்ளை மால்டீஸ் நாய்க்குத் துபு என்று பெயர். மறுநாள் லிஃப்டில் அவள்தான் இருவரிடமும் ஒரு யோசனையைச் சொன்னாள். “மயக்கமா? ஐயோ, எதுக்கு வயசான நாய்க்கு? சந்தைக்குப் பின்னால முடி வெட்டற கடை இருக்கில்ல, அங்க முழிச்சிருக்கும்போதே சுரண்டி விட்டுடறாங்க. துண்டுல சுத்திப் பிடிச்சுக்கிட்டா அரை மணியில வேலை முடிஞ்சுது. என் துபு பல்லைப் பாத்தீங்கல்ல?”

“துண்டுல சுத்தியா?” என்று கேட்டார் சுன்தொக். மாடி வந்து கதவு திறந்த பிறகும், “எந்தக் கடைன்னு சொன்னே?” என்றார்.

அடுத்த நாள் காலை, “முள்ளங்கி வாங்கிட்டு வரேன்” என்று சுன்தொக் குரல் மட்டும் கேட்டது. ஹேரான் வாசலுக்கு வந்து பார்த்தால் தள்ளுவண்டி இல்லை. முள்ளங்கி வாங்க யாராவது நாயை அழைத்துக்கொண்டு போவார்களா? கோட்டை மாட்டிக்கொண்டு சந்தைப் பக்கம் ஓடினாள்.

சுன்தொக் கடைக்குள் போயிருக்கவில்லை. பக்கத்துக் கருவாட்டுக் கடை வாசலில், நீல பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கோட்டுக்குள்ளிருந்து நுருங்ஜியின் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே கயிற்றில் கோத்த மீன்கள் வரிசையாகத் தொங்கின. நாய்க்குக் கண் அங்கேதான்.

“முள்ளங்கி வாங்கியாச்சா அண்ணி?”

“கிண்டல் பண்ணாத. அங்க பாரு.”

முடி வெட்டும் கடையின் கண்ணாடிக்குள்ளே, துண்டில் சுற்றிய ஒரு வெள்ளை நாய். ஒருத்தி தலையை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, மற்றவள் கொக்கி மாதிரி ஒரு கருவியால் சுரண்டினாள். கண்ணாடியைத் தாண்டியும் அந்த நாயின் கத்தல் கேட்டது.

“முழிச்சிருக்குல்ல, அதான் கத்துது” என்றார் சுன்தொக். “வெளிய வரும்போது பல்லு வெள்ளையாத்தான் இருக்கும். ஈறுக்குள்ள இருக்கறதை யாரு எடுப்பாங்க? அந்த டாக்டர் பொண்ணு தூக்கிக் காட்டினாளே, அந்தக் கல்லை… அது என் கண்ணைவிட்டுப் போக மாட்டேங்குது.” நாயைக் கோட்டோடு சேர்த்து இறுக்கிக்கொண்டார். சட்டென்று நினைவு வந்தவர் போலப் பிடியைத் தளர்த்தினார். “போகாம இருக்கணும்னுதான் பிடிச்சேன் ஹேரான்.”

“உக்காந்த எடத்துக்கு ஒரு கோர்வையாவது வாங்குங்க!” என்று கருவாட்டுக்காரி உள்ளேயிருந்து கத்தினாள். “உங்க நாய் பாக்கற பார்வையில மீனெல்லாம் இளைக்குது!”

“வாங்கறோம், வாங்கறோம்!” என்று சுன்தொக் திருப்பிக் கத்தினார்.

ஹேரான் முக்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இங்கே பொங்குவதற்கு எதுவும் இல்லை.

“அன்னைக்குக் கையெழுத்துப் போட்டது நான் அண்ணி.”

“நான் சொன்னேன். நீ போட்டே.”

“நீங்க சொன்னதுனால போடல. அவர் வலியில சுருண்டு கிடந்தார். என்னால அதைப் பாக்க முடியல, போட்டேன். நீங்க அந்தப் பக்கமே வராம இருந்திருந்தாலும் போட்டிருப்பேன்.”

சுன்தொக் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. தொங்கும் மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை ஏன்டீ இத்தனை நாளா சொல்லல?”

“தெரியல.” நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது. “சொல்லிட்டா… பாரம் இறங்கிருச்சுன்னு நீங்க பையைத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போயிடுவீங்களோன்னு இருந்திருக்கும்.”

“அடிப்பாவி.”

“ஆமா.”

“அடிப்பாவி! அதுக்கு ‘இருங்க அண்ணி’ன்னு ஒரு வார்த்தை போதாதா? நாலு வருஷம் என்னை ராத்திரியெல்லாம் முழிக்க வெச்சியே!”

மன்னிப்பு என்பது ஹேரானுக்குச் சின்ன வார்த்தையாகத் தெரிந்தது. சுன்தொக் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கோட்டுக்குள் நாய் நெளிந்தது.

“இருங்க அண்ணி” என்றாள் ஹேரான்.

“உன் குழம்புக்காகவா இருப்பேன்? அதுல உப்பு எங்க காரம் எங்க.” சுன்தொக் முக்காலியை விட்டு எழுந்தார். “இவன் வாய் இருக்கே, அதுக்காக இருந்து தொலைக்கிறேன். நட. அந்தப் பொண்ணுகிட்ட நாள் கேப்போம்.”

“அப்ப நாம சரின்னு சொல்றமா?”

“நீ சொல்லு. நானும் சொல்றேன். ரெண்டு பேரும் ஒண்ணா சொல்லுவோம். இந்தத் தடவை யார் சொன்னதுன்னு தனியாப் பிரிக்க முடியாதபடி.”

நாலடி போனவர் திரும்பி வந்து ஒரு கோர்வை மீன் வாங்கிக்கொண்டார்.

*

ஆபரேஷன் அன்று நுருங்ஜி வெறும் வயிறு. தன் காலித் தட்டை மூக்கால் தள்ளித் தள்ளி வாசல் வரை கொண்டுவந்து வைத்தது.

“கேக்குது பாரு நியாயம்” என்றார் சுன்தொக். அவரும் அன்று எதையும் வாயில் வைக்கவில்லை.

ரத்தம் நன்றாயிருக்கிறது, நெஞ்சும் நன்றாயிருக்கிறது என்றாள் மருத்துவர். உதவிப் பெண் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியபோது சுன்தொக் நாயின் காதை மடக்கி அதற்குள் சொன்னார்: “எழுந்திரிக்கணும். புரிஞ்சுதா? தூங்கறதெல்லாம் உன் இஷ்டம். எழுந்திரிக்கறது என் இஷ்டம்.”

கதவு மூடிக்கொண்டது. ஹேரான் பையிலிருந்து, கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிய கிம்பாப் பொட்டலத்தை எடுத்தாள். “சாப்பிடறீங்களா அண்ணி?”

“சாப்பிட்டேன்.”

முன்பென்றால் ஹேரான் அதோடு விட்டிருப்பாள். வழக்கமாக எல்லோரும் விட்டுவிடுகிற இடம் அதுதான். “எப்ப சாப்பிட்டீங்க? நான் பாக்கலயே.”

சுன்தொக் திரும்பிப் பார்த்தார். மாட்டிக்கொண்ட சிரிப்பு ஒன்று உதட்டோரம் வந்து போனது. ஒரு துண்டை எடுத்தார், மெல்லாமல் கையிலேயே வைத்திருந்தார். சுவரில் ஒரு நாய்ப்படம், பெரிதாகச் சிரிக்கிற பல்லோடு. இருவரும் அதையே பார்த்தார்கள். நான்கு வருஷத்துக்கு முன் வேறொரு மருத்துவமனை நடையில் இதேபோல உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. இன்று ஹேரான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

கிம்பாப் சுன்தொக்கின் கையிலேயே காய்ந்துபோனது.

“நுருங்ஜி அத்தை!”

இருவரும் எழுந்துவிட்டார்கள். உதவிப் பெண்ணின் கையில் துண்டுக்குள்ளே நாய். நாக்கு ஒரு பக்கமாகத் தொங்கியது, கண் பாதி சொருகியிருந்தது, முன்காலில் ஒரு வளையம் முடி மழித்திருந்தது. சுன்தொக்கின் வாசனை எட்டியதும் வாலின் நுனி மட்டும் துண்டுக்கு வெளியே ஒருதரம் அசைந்தது.

“எழுந்துட்டியா?” சுன்தொக் நாயை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார். “எழுந்துட்டியா திருட்டுப் பயலே? எழுந்திருக்க உனக்குத் தெரியுது. உங்கப்பனுக்குத்தான்டா தெரியல. அந்த மடையனுக்குத்தான் தெரியல…”

ஹேரான் அவர் முதுகில் கையை வைத்தாள். உதவிப் பெண் சின்ன டப்பாவில் பல்லைப் போட்டுக் கொடுத்தாள். மூன்று வேர், தொடரில் வரும் மாமியாரின் நகம் போல நீளம்.

“இத்தனாம் பெரிசை வாய்க்குள்ள வெச்சுக்கிட்டா தட்டை நக்கினே?” என்று சுன்தொக் நாயைக் கேட்டார்.

*

தையல் ஆறும்வரை பிரஷ் கூடாது என்று உத்தரவு. நாய்க்கு அது எப்படித் தெரியும்? தினமும் எட்டரைப் பாட்டுக்கு வந்து மடியில் ஏறி முகத்தைத் திருப்பிக் காத்திருந்தது. சுன்தொக் விரல் நுனியில் கொஞ்சம் பேஸ்ட் எடுத்து நக்கக் கொடுத்து, “கணக்குத் தீரல, அப்புறம் பாத்துக்கலாம்” என்று இறக்கிவிடுவார்.

அனுமதி கிடைத்த அன்று அவர் பிரஷ்ஷை ஹேரானிடம் நீட்டினார்.

“நீ துலக்கு. நான் பிடிச்சுக்கறேன்.”

“எனக்குப் பழக்கமில்லயே அண்ணி.”

“எனக்கு மட்டும் பிறக்கும்போதே பழக்கமா?”

எதிரெதிரே உட்கார்ந்தார்கள், நடுவில் நாய். சுன்தொக் பின்னாலிருந்து இரண்டு கன்னத்தையும் சேர்த்து இறுகப் பிடித்தார். ஹேரான் உதட்டைத் தூக்கப் பார்த்தாள். விரலும் பிரஷ்ஷும் சுன்தொக்கின் கைகளில்தான் போய் முட்டின.

“கையை எடுங்க அண்ணி.”

“எடுத்தா ஓடிடுவான்.”

“எடுத்துப் பாருங்க.”

“ஓடிடுவான்டீ. உனக்கு இவனைத் தெரியாது.”

“ஓடினா ஓடட்டும். நாளைக்கு வருவான்.”

சுன்தொக் ஒரு கையை எடுத்தார். கொஞ்சம் பொறுத்து மற்றதையும் எடுத்தார். எடுத்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் முழங்கால்களின் மேல் வைத்துக்கொண்டார். நாய் ஒரு பக்கம் பார்த்தது, மறுபக்கம் பார்த்தது. பேஸ்ட் வாசனை பிடித்ததும் ஹேரானின் விரலை நோக்கிக் கழுத்தை நீட்டியது. அவள் வலது கன்னத்தை மெல்ல விலக்கினாள். பல் இருந்த இடத்தில் ஈறு ரோஜா நிறத்தில் மூடியிருந்தது. அதைத் தொடாமல் அதற்கு முன்னும் பின்னும் இருந்த பற்களைத் துலக்கினாள். நாய் ஓடவில்லை.

“தெரியுதா உள்ள?” என்றார் சுன்தொக்.

“நல்லாத் தெரியுது. நீங்களும் பாருங்க.”

சுன்தொக் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். இரண்டு தலைகளும் நாயின் வாய்க்கு மேல் முட்டிக்கொண்டன. அப்போது டிவியில் பளாரென்று ஒரு சத்தம்.

“ஐயையோ!” சுன்தொக் தலையைத் தூக்கினார். “அந்த மாமியாருக்கு அறை விழுந்துருச்சுடீ! எத்தனை மாசமாக் காத்திருந்தேன்! யாரு அறைஞ்சா? நீ பாத்தியா?”

“நான் எங்க பாத்தேன்?”

“டேய், நீயாவது பாத்தியா?”

நுருங்ஜி பேஸ்ட்டை நக்கி முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று தானாகவே வாயைத் திறந்து காட்டியது.